மூன்று நாட்டுப் படிப்பும் ஒரு கட்டிலும்

சென்ற மாதம் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நர்ஸிங்கில் முதுநிலைப் படிப்பு படிக்கிறாளாம். தீவிர சிகிச்சை நர்ஸிங்கை எந்தெந்த நாட்டில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறாளாம். அந்தக் காலத்தில் கப்பலேறியும் விமானமேறியும் போய்ப் படித்துவிட்டு வந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களைப் பிடித்துக் கேள்வி கேட்பது அவள் திட்டம். கைபேசியை என் முன்னால் நீட்டினாள். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து வட்டங்கள்.

"எதையாவது ஒண்ண தொடுங்க மேடம், போதும்."

"காரணம் எங்க எழுதறது?"

"காரணம் வேணாம் மேடம். அதெல்லாம் எழுதினா கணக்குப் போட முடியாது."

காரணமே தேவைப்படாத ஆராய்ச்சியைக் கண்டு மகிழ்ந்து, நான்கு நாடுகளையும் தொட்டுக் கொடுத்தேன். காப்பி குடித்துவிட்டுப் போனாள். நல்ல பெண். அவளுடைய கணக்கைக் கெடுக்க விரும்பாததால், காரணத்தை இங்கே தனியாக எழுதுகிறேன்.

நான் குடியாத்தத்தில் கைலி நெய்கிற வீட்டில் பிறந்தவள். பத்துத் தறிகள் ஒரே கூரையின் கீழ் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் வளர்ந்ததால், பிற்காலத்தில் மூச்சுக் கருவியின் சத்தம் எனக்குத் தாலாட்டாக இருந்தது. நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது, "நம்ம ஜாதியில எவளாவது அடுத்தவன் பீ மூத்திரம் அள்ளப் போயிருக்காளா?" என்று சித்தப்பா கேட்டார். பிறகு அவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டபோது என்னைத்தான் கூப்பிட்டார். ஜாதிப் பேச்சு அத்துடன் முடிந்தது.

வேலை கிடைத்த ஆஸ்பத்திரி ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் தூங்கிவிட்டால்கூட எங்கள் நிறுத்தம் தவறாது. தோல் ஷெட்டுகளின் வாடை மூக்கில் ஏறி எழுப்பிவிடும். வெளிநாட்டிலிருந்து நன்கொடையாளர்கள் வந்தால் முதல் நாள் கைக்குட்டையோடு சுற்றுவார்கள். இரண்டாம் நாள் வாடை பழகிவிடும். மூன்றாம் நாள் ஊருக்குப் போய், எங்கள் சேவையைப் பாராட்டிக் கடிதம் எழுதுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் அப்படி ஒருவர் அனுப்பிய பணத்தில் எங்களுக்கு நான்கு கட்டில் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தது. கட்டில் நான்கு, மூச்சுக் கருவி ஒன்று. மற்ற மூவரும் தங்கள் முறை வரும்வரை சொந்தமாக மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மின்சாரம் போனால் கையால் அமுக்குவதற்கு ரப்பர்ப் பை ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் ஆம்பு பை. ஆம்பு பை என்றால் ஆம்பூரில் செய்தது என்றே எங்கள் ஊர்க்காரர்கள் நம்பினார்கள். "நம்ம ஊரு சரக்குதான், கவலப்படாதீங்க" என்று நோயாளியின் உறவினர்களுக்கு வார்டு பாய் தைரியம் சொல்வதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பிரிவுக்கு மூன்று நர்ஸுகள் பொறுப்பு. மூவரும் மூன்று நாட்டில் மேற்படிப்பு படித்தவர்கள். ஒரே ஆஸ்பத்திரியில் இப்படி அமைந்தது எங்கள் நிர்வாகத்தின் தொலைநோக்கு என்று ஆண்டு மலரில் எழுதினார்கள். எந்த நாட்டிலிருந்து உதவிப்பணம் வந்ததோ அந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதுதான் நிஜம்.

மூத்தவர் மிஸ் ஞானம்மாள், எங்கள் நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட். லண்டனில் படித்தவர். அங்கே வகுப்பறை என்று ஒன்று உண்டா என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்வார். வார்டு சிஸ்டர் என்று ஒரு அம்மாள் இருப்பாளாம். அவள் பின்னாலேயே வருடம் முழுக்க நடக்க வேண்டுமாம். அவள் எப்படிப் படுக்கை விரிக்கிறாளோ அப்படி விரிக்க வேண்டும். எப்படி இருமுகிறாளோ அப்படி இரும வேண்டும். கடைசியில் கையில் ஒரு சான்றிதழும் நெஞ்சில் ஒரு வில்லையும் தருவார்கள். மிஸ் அந்த வில்லையைக் கழற்றுவது குளிக்கப் போகும்போது மட்டும்தான்.

அவர் நோயாளியைத் தொடும் விதத்தை நான் இத்தனை வருடம் கழித்தும் கண்முன் பார்க்கிறேன். கையைக் கழுவுவார். துடைப்பார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சூடேறும்வரை தேய்த்துக்கொள்வார். மே மாதத்து வேலூர் வெயிலிலும் தேய்ப்பார். அதன் பிறகுதான் தொடுவார். வாயைச் சுத்தம் செய்யும்போது முதலில் கன்னத்தின் உட்புறம், பிறகு ஈறு, பிறகு நாக்கு, கடைசியில் உதடு. உதட்டில் வெண்ணெய் தடவுவதுபோல வாஸலைன். ஒரு சொட்டு நீர் காதுப்பக்கம் வழியக் கூடாது. வழிந்தால் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். திட்டமாட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டாக்டர்கள் எதைச் சொன்னாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "டாக்டர் இஷ்டம்." சரியான மருந்துக்கும் அதே பதில், தவறான மருந்துக்கும் அதே பதில். இரண்டுக்கும் குரலில் மெல்லிய வித்தியாசம் உண்டு. அதைக் கண்டுபிடித்த டாக்டர்கள் பிழைத்தார்கள், அவர்களுடைய நோயாளிகளும்.

இரண்டாமவர் எலிசபெத். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆய்வுக் கட்டுரையும் எழுதியிருந்தார். மாரடைப்பு நோயாளிகளின் மனக்கலக்கம் பற்றி. அங்கே நோயாளியைத் தொடுவதற்கு முன் அவரைப் பற்றித் திட்டம் எழுத வேண்டுமாம். உடலுக்கு ஒரு பக்கம், மனதுக்கு ஒரு பக்கம், குடும்பத்துக்கு ஒரு பக்கம். எலிசபெத் எழுதி முடிப்பதற்குள் எங்கள் நோயாளிகளில் சிலர் குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலர் வேறு இடத்துக்கும். எந்த நோயாளியிடம் போனாலும், அவருக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, தன் பெயர், அன்றைய கிழமை, தான் செய்யப்போகும் காரியம் எல்லாவற்றையும் அறிவித்துவிட்டுத்தான் தொடங்குவார். ரயில்வே ஸ்டேஷன் என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தோம்.

மூன்றாமவள் நான். மெல்போர்னில் ஒரு வருடம். அங்கே படிப்பவளும் நானே, சம்பளத்துக்கு உழைப்பவளும் நானே. ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ். மூச்சுக் கருவியின் திருகுகளை நர்ஸே திருப்புவாள். டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "நோ, ஜான், அந்த மருந்து வேண்டாம்" என்று நான் ஒரு நாள் சொல்லிவிட்டேன். ஜானும் "சரி" என்று போய்விட்டார். அன்று இரவு எனக்குக் காய்ச்சல் வந்தது. அங்கே சம்பாதித்த தைரியம் முழுவதும் மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரிகளோடு தங்கிவிட்டது என்பதைத் திரும்பி வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

இந்தியாவின் பாடத்திட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அது மூன்றே சொல்: "நின்னு பாத்து கத்துக்கோ."

இதை மாற்ற வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஞானம் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வருட மேற்படிப்பு ஆரம்பிப்பது என்று முடிவானது. பாடத்திட்டம் வகுக்க ஒரு குழு. நர்ஸுகளுக்கான படிப்பு என்பதால் குழுவில் டாக்டர்கள் அதிகம். தலைவர், தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பாளர் டாக்டர் வரதன். கெட்டிக்காரர், உழைப்பாளி; ஒரு கூட்டத்தில் தான் பேசாத நிமிடம் வீணான நிமிடம் என்று நினைப்பவர். இருதயம் பற்றி அவர் பேசுவார், நுரையீரல் பற்றி இன்னொருவர் பேசுவார், சிறுநீரகம் பற்றி மூன்றாமவர் பேசுவார் என்று வருடம் முழுவதையும் பங்கிட்டுக்கொண்டார்கள். நர்ஸிங் என்பது கடைசியில் 'மற்றவை' என்ற தலைப்பில் வந்தது. மிஸ் ஞானம்மாள், "டாக்டர் இஷ்டம்" என்றார். நானும் எலிசபெத்தும் பிஸ்கட் தட்டை நகர்த்தினோம். பிறகு வெளியே வந்து, எந்த நாட்டு முறையில் நர்ஸிங்கைச் சொல்லிக்கொடுப்பது என்று எங்களுக்குள் சண்டை போட்டோம். அதில் மட்டும் எங்களுக்கு வாய் கிழிந்தது.

அப்போதுதான் ஜப்பார் பாய் வந்தார்.

பேரணாம்பட்டில் தோல் ஷெட்டில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். முதலாளியின் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட மனைவி மெஹருன்னிசாவும் அவளுடைய தம்பி மஸ்தானும். கண் இமை இரண்டும் தொங்கிவிட்டிருந்தன. எச்சில் விழுங்க முடியாமல் வாயோரம் நுரை வழிந்தது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"தெர்ல சிஸ்டர். நேத்து வேலை ஜாஸ்தின்னு ஷெட்லயே படுத்துட்டாரு. காலைல வயிறு பேஜாரா இருக்குதுன்னு வந்தாரு. கண்ணு தொறக்க மாட்டேங்குதுன்னாரு. குடிச்சிட்டு வந்திருக்கான்னு மேஸ்திரி கத்தறாரு. அல்லா சத்தியமா அந்தப் பழக்கமே கெடயாது சிஸ்டர்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு நின்றுபோகும் நிலை. டாக்டர் வரதன் குழாயைப் போட்டார். நான் கருவியில் இணைத்தேன். மாலைக்குள் கை, கால், விரல் எதுவும் அசையவில்லை. இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் கண்மணி விரிந்தபடியே நின்றது, சுருங்கவில்லை. கடிவாய் இருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தேடினோம். ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. மூளைத் தண்டில் ரத்தக் கசிவு என்று டாக்டர் எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். மறுநாள் கேள்விக்குறியை மறந்துவிட்டார்.

அதன் பிறகு ஜப்பார் பாய் எங்கள் மூவருக்கும் போர்க்களம் ஆனார். மிஸ் ஞானம்மாள் காலையும் மாலையும் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து வாயைக் கழுவுவார். நான் கருவியின் திருகுகளோடு போராடுவேன். எலிசபெத், "பாய், என் பேரு எலிசபெத். இன்னிக்கு வியாழக்கிழமை. உங்கள வலப்பக்கம் திருப்பப் போறேன். நான் பேசறது கேட்டா கால் கட்டைவிரல அசைங்க" என்று பிணம்போலக் கிடந்தவரிடம் பேட்டி எடுப்பார். கட்டைவிரல் அசையாது. அடுத்த முறையும் சலிக்காமல் கேட்பார். இடையிடையே கட்டிலின் இரு பக்கமும் நின்று, அமெரிக்கப் பாடத்திட்டம் உயர்வா ஆஸ்திரேலியப் பாடத்திட்டம் உயர்வா என்று நானும் அவரும் வாதாடுவோம். பாயின் வயிற்றுக்கு மேலே எங்கள் கைகள் பறக்கும்.

சில நாள் கழித்து ஒரு முற்பகலில், கணியம்பாடியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பெயர் செல்வி. கல்யாணப் பேச்சில் ஏதோ தகராறு. வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைக் குடித்திருந்தாள். நுரையீரல் முழுக்க நீர். மூச்சு நின்று நின்று வந்தது. அவள் அப்பா கதவோரம் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

டாக்டர் வரதன் இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சகுந்தலா, பாயை மெஷின்லேர்ந்து எடுத்துடு. மூளை போயிடுச்சு. இந்தப் பொண்ணைக் காப்பாத்தலாம்."

மெல்போர்னாக இருந்தால், "நோ, ஜான்" என்றிருப்பேன். என் வாயிலிருந்து வந்தது, "மிஸ்ஸக் கேக்கணும் டாக்டர்."

மிஸ் வந்தார். டாக்டர் இன்னொரு முறை சொன்னார். அவர் சொன்னதில் அநியாயம் எதுவும் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் நாள்கணக்கில் கண்மணிகூட அசையாத ஓர் ஆள். இன்னொரு பக்கம் பிழைக்க வாய்ப்புள்ள ஒரு சின்னப் பெண். எந்த நாட்டுப் பாடப்புத்தகமும் அவர் பக்கம்தான் பேசும்.

 நாங்கள் மிஸ் ஞானம்மாளின் அந்த இரண்டு சொல்லுக்காகக் காத்திருந்தோம்.

"இது டாக்டர் இஷ்டம் இல்ல," என்றார்.

கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பாயின் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு லண்டன்ல சொல்லிக்கொடுத்தது இதான் டாக்டர். அங்கேர்ந்து வர்ற பத்திரிகையிலயும் இப்ப விதியாவே போட்டிருக்காங்க. மூளை செத்துப்போச்சுன்னு சொல்லணும்னா முதல்ல காரணம் தெரிஞ்சிருக்கணும். விஷமோ மருந்தோ இல்லைன்னு உறுதியாத் தெரியணும். இவருக்குக் காரணம் என்னன்னு எழுதறது?"

"நான்தான் எழுதியிருக்கேனே."

"கேள்விக்குறி போட்டு எழுதியிருக்கீங்க."

எலிசபெத் மெதுவாக, "அவர் சம்சாரத்துக்கிட்ட இன்னும் யாரும் பேசல டாக்டர்," என்றார். நான் கருவியின் முன்னால் நின்றேன். மூன்று நாட்டுப் படிப்பும் ஒரே பக்கம் நின்றது அன்று ஒரு நாள்தான். 

டாக்டர் வரதன் கோபப்படவில்லை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செல்வியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஆம்பு பையை அமுக்கத் தொடங்கினார். அவர் கை ஓய்ந்தபோது எலிசபெத், எலிசபெத்தின் கை ஓய்ந்தபோது நான், பிறகு எங்கள் நர்ஸிங் பள்ளி மாணவிகள், பிறகு செல்வியின் அப்பா. ஜப்பார் பாயின் மைத்துனன் மஸ்தானும் வந்து, "குடு சிஸ்டர், நான் தோல் முறுக்கறவன், கை வலிக்காது" என்று வாங்கிக்கொண்டான். அவன் அக்காள் புருஷன் படுத்திருந்த கட்டிலைப் பற்றித்தான் அந்த அறையில் பேச்சு நடந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் பிற்பகல் செல்வியின் இருதயம் நின்றது. எவ்வளவு முயன்றும் திரும்பவில்லை. அந்தக் கருவி அவளுக்குக் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா? யாருக்கும் தெரியாது.  டாக்டர் வரதன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். மிஸ் ஞானம்மாள் அந்தப் பெண்ணின் வாயைக் கழுவி, முடியை வாரிப் பின்னிவிட்டார். அப்போதும் கையைத் தேய்த்துக்கொண்டுதான் தொட்டார். இந்த இடத்தில் எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

அன்று மாலை மிஸ் மஸ்தானைக் கூப்பிட்டார்.

"உங்க மச்சான் அன்னிக்கு ராத்திரி ஷெட்ல எங்க படுத்திருந்தாரு?"

"தோல் பதனிடற பட்டை மூட்டை அடுக்கியிருக்கிற ரூம்ல சிஸ்டரம்மா. தரையிலதான்."

"ஒவ்வொரு மூட்டையா எடுத்துப் பாருங்க. எலிப் பொந்து இருந்தா அதையும் தோண்டிப் பாருங்க. கையை விடாதீங்க."

மேஸ்திரி விடமாட்டேன் என்றாராம். முதலாளியிடம் போய் மெஹருன்னிசா போட்ட கூச்சலில் விட்டாராம். மறுநாள் மஸ்தான் ஒரு ஷூ பெட்டியோடு வந்தான். ஏற்றுமதிக்குப் போகும் பெட்டி. மேலே இத்தாலிய மொழியில் ஏதோ அச்சடித்திருந்தது. உள்ளே அடித்துக் கொன்ற கட்டுவிரியன். கருநீல உடம்பில் மெல்லிய வெள்ளை வரிகள்.

கட்டுவிரியன் கடித்தால் பலருக்கு வலி தெரியாது, தடமும் தெரியாது. தூக்கத்தில் கடித்துவிட்டுப் போய்விடும். உடம்பின் தசைகள் எல்லாம் படுத்துவிடும், இமையும் கண்மணியும்கூட. மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அது உள்ளே விழித்துக்கொண்டிருக்கும்.

டாக்டர் வரதன் அந்தப் பெட்டியை மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்தார். பிறகு விஷமுறிவு ஊசியைத் தன் கையாலேயே போட்டார்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. அந்த விஷம் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். ஒரு நாள் காலை எலிசபெத் வழக்கம்போல, "பாய், என் பேரு எலிசபெத். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கேக்குதுன்னா கட்டைவிரல அசைங்க" என்றார். நான் கருவியின் திருகைத் திருப்பிக்கொண்டே தற்செயலாகக் கீழே பார்த்தேன். வலது கால் கட்டைவிரல் அசைந்தது. எலிசபெத் கவனிக்கவில்லை, அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டிருந்தார்.

"எலிசபெத், வாய மூடிட்டு கால பாரு!" என்று கத்தினேன். அமெரிக்கக் கல்விக்கு நான் செய்த ஒரே மரியாதை அது.

மெல்ல விரல்கள் வந்தன, கைகள் வந்தன, இமைகள் வந்தன, மூச்சும் வந்தது. வாய்க்குழாய்க்குப் பதிலாக நடுவில் கழுத்தில் ஓட்டையிட்டுப் போட்டிருந்த குழாயை எடுத்து, ஓட்டையை அடைத்த அன்று ஜப்பார் பாய் முதல்முதலாகப் பேசினார். மனைவியைக் கேட்பார், தண்ணீர் கேட்பார் என்று எதிர்பார்த்தோம்.

"அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு சிஸ்டர்? கணியம்பாடிப் பொண்ணு."

 டாக்டர் வரதனும் அங்கேதான் இருந்தார். மிஸ் ஞானம்மாள்தான் சொன்னார்: "இறந்துட்டா பாய்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "அவங்க அப்பா அழுதது கேட்டுச்சு. அவ அழறது கேக்கலயேன்னு இருந்தேன்," என்றார்.

டாக்டர் வரதன் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் ஒரு நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "எல்லாமே கேட்டுச்சா?" என்று கேட்டார்.

"எல்லாமே டாக்டர். மெஷின்லேர்ந்து எடுத்துடுன்னு நீங்க சொன்னது கேட்டுச்சு. பெரியம்மா குடுக்க மாட்டேன்னது கேட்டுச்சு. குடுத்துடுங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். அப்பறம் ரெண்டு கொழந்த இருக்குதேன்னு நெனச்சேன். எதுவும் சொல்ல முடியலல்ல, அதனால தப்பிச்சேன்."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாத அந்த நிமிடம் வீணாகவில்லை.

வார்டுக்கு மாற்றிய பிறகு பாய் எங்களைப் பற்றி வாயைத் திறந்தார். ஒரே கட்டிலில் படுத்து மூன்று நாட்டு நர்ஸிங்கையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

"டாக்டர் கண்ணத் தொறந்து டார்ச் அடிப்பாரு பாருங்க, ஐயோ, சூரியன எடுத்து உள்ள போட்ட மாதிரி இருக்கும். இமைய மூட முடியாதே! எலிசபெத்தம்மா ஜாஸ்தி பேசும். சில நேரம் எப்படா போவும்னு இருக்கும். ஆனா கெழம சொல்லும். அது சொல்லலன்னா பைத்தியம் புடிச்சிருக்கும். வெள்ளிக்கெழமன்னு சொன்னா மனசுக்குள்ளயே தொழுதுக்குவேன். பெரியம்மா பேசவே பேசாது. ஆனா அந்தக் கை வெதுவெதுன்னு வந்து பட்டுச்சுன்னா தூங்கிடுவேன்."

"நான்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"நீங்க நல்லா பாத்தீங்க சிஸ்டர். உங்க கை பட்டா மெஷின் சத்தம் உடனே சரியாய்டும். ஆனா நீங்க மெஷின்கிட்டதான் பேசுவீங்க. 'இன்னாடா செல்லம், ஒழுங்கா ஓடு'ன்னு கொஞ்சுவீங்க. ஒரு நாளு எனக்குத்தான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்."

மெஹருன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வருட மெல்போர்ன் படிப்புக்கு எனக்குக் கிடைத்த உண்மையான மதிப்பெண் அது.

அவர் வீடு திரும்பிய பிறகு குழு மறுபடியும் கூடியது. டாக்டர் வரதன் தன்னுடைய இருதயச் சொற்பொழிவுகளில் பாதியை அவராகவே விட்டுக்கொடுத்தார். 'மற்றவை' என்ற தலைப்பு போய், நர்ஸிங் முதல் பக்கத்துக்கு வந்தது. லண்டனிலிருந்து கையும், அமெரிக்காவிலிருந்து வாயும், ஆஸ்திரேலியாவிலிருந்து கருவியும் எடுத்துக்கொண்டோம். எங்கள் சண்டை நின்றது என்று சொல்ல மாட்டேன். வேறு அறைக்கு மாற்றிக்கொண்டோம். கட்டிலுக்கு மேலே சண்டை போடுவதில்லை என்று மட்டும் ஒப்பந்தம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதல் அணி செய்முறைத் தேர்வுக்கு வந்தது. சென்னையிலிருந்து வெளித் தேர்வாளராக ஓர் அம்மையார் வந்தார். கனடாவில் படித்தவர், எங்களிடம் குறைந்த நாடு அதுதான். பொம்மையை வைத்துத் தேர்வு நடத்தலாம் என்று அவர் கொண்டுவந்திருந்தார். மிஸ் ஞானம்மாள் பொம்மையை மரியாதையாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஜப்பார் பாயை வரவழைத்தார்.

பாய் புதுக் கைலி, சலவைச் சட்டை, அத்தர் மணக்க வந்தார். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். மாணவி அவரை நினைவிழந்த நோயாளியாக நினைத்து எல்லாப் பணிவிடையும் செய்ய வேண்டும். முடிந்த பிறகு அவரும் கருத்துச் சொல்லுவார். இதுதான் ஏற்பாடு. "நமக்கு அனுபவம் இருக்குதில்ல" என்று பெருமையோடு படுத்தார். அனுபவம் அதிகமாகி இரண்டாவது மாணவியின்போது உண்மையிலேயே தூங்கிக் குறட்டை விட்டார். அந்தப் பெண் மூச்சுப்பாதை அடைபட்டுவிட்டது என்று முடிவுசெய்து, தாடையைப் பிடித்து முன்னுக்குத் தூக்கினாள். பாய் அலறிக்கொண்டு எழுந்தார். அவள் செய்தது சரிதான் என்று முழு மதிப்பெண் கொடுத்தோம். பாய் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

நான்காவதாக வந்தவள் சுசீலா. வகுப்பில் முதல் மாணவி. கை கழுவியது, துடைத்தது, வாயைச் சுத்தம் செய்தது, திருப்பிப் படுக்க வைத்தது, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்தது எல்லாம் கடிகாரம்போல இருந்தது. கனடா அம்மையார் எழுதுகோலை வைத்துவிட்டுத் தலையை ஆட்டி ரசித்தார். அன்றைய தினத்தின் உயர்ந்த மதிப்பெண்ணைப் போட்டார்.

"பாய், நீங்க சொல்லுங்க," என்றார் மிஸ்.

ஜப்பார் பாய் எழுந்து உட்கார்ந்தார். 

"நல்லா செஞ்சுதும்மா. கொற சொல்ல முடியாது. ஒரு சொட்டுத் தண்ணி காதுல போவல. ஆனா நான் இருக்கேன்னு அதுக்குத் தெர்ல."

சுசீலாவின் முகம் சிவந்துவிட்டது. தேர்வாளர் அம்மையார் மதிப்பெண் தாளை மேலும் கீழும் புரட்டினார். "இதுக்கு எங்கே மார்க் போடறது?" என்றார்.

"போட இடம் இல்லதான்," என்றார் மிஸ் ஞானம்மாள். பிறகு சுசீலாவை அந்தப் பாடத்தில் தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். வகுப்பின் முதல் மாணவி! தேர்வாளர் அம்மையார் மாலைவரை எங்களோடு பேசவில்லை. சுசீலா விடுதி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இது அநியாயம் என்று எலிசபெத்தே மிஸ்ஸிடம் வாதாடினார். மிஸ் காதில் வாங்கவில்லை.

சில மாதம் கழித்து அவளுக்கு மறுதேர்வு வைத்தோம். அதே கட்டில், அதே ஜப்பார் பாய், அதே அத்தர். அசையக் கூடாது, பேசக் கூடாது என்று நான் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சுசீலா உள்ளே வந்தாள். கை கழுவித் துடைத்தாள். கட்டிலருகே வந்ததும் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்தாள்.

"பாய், நான் சுசீலா. உங்க வாயச் சுத்தம் பண்ணப் போறேன்."

நினைவிழந்து கிடக்க வேண்டிய ஜப்பார் பாய், "சரிம்மா" என்று சொல்லி வாயைத் திறந்தார்.